புகைக்குழாயும் எஞ்சினின் ஓர் உறுப்பே

வண்டியின் உறுப்புக்களில் மிக எளியது யாது என்று வினவினால், நம்மில் பலர் புகைக்குழாயைத்தான் சுட்டிக் காட்டுவோம். எரிந்த புகை வெளியேற ஒரு வழி, ஓசை அடங்க ஒரு சைலன்ஸர், அவ்வளவுதானே என்போம். ஆனால், டூ-ஸ்ட்ரோக் என்று நாம் வழங்கும் இருவீச்சு எஞ்சினுக்கு இந்த எண்ணம் சற்றும் பொருந்தாது. அங்கே புகைக்குழாயும் எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும். குழாயை மாற்றுகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, எஞ்சினின் இயல்பையே மாற்றுகிறார். இவ்வுண்மையை விளக்க, அமெரிக்காவில் மணல்மேடுகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடும் இருவீச்சுக் 'குவாட்' வண்டிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மாற்றுக் குழாய் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்று காண்போம்.

குவாட் என்பது பருத்த டயர்களையுடைய நான்கு சக்கர வண்டி. மோட்டார் சைக்கிளைப் போலவே இருபுறமும் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டுவது. இவ்வகையில் புகழ்பெற்றவை மூன்று: 1985 முதல் 1992 வரை வந்த சுசுகி எல்.டி. 250 ஆர், 1986 முதல் 1989 வரை வந்த ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 250 ஆர், 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்பனையான யமஹா பான்ஷி. முன்னவை இரண்டும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். பான்ஷிக்கு இரண்டு சிலிண்டர்கள். 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நீரால் குளிரும் எஞ்சின். அந்த எஞ்சின் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1980-களில் நம் நாட்டில் ராஜ்தூத் 350 என்று ஓடிய வண்டியின் குடும்பத்தைச் சேர்ந்ததே அது.

அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் பெருநிறுவனங்கள் இத்தகைய வண்டிகள் செய்வதைக் கைவிட்டன. ஆகவே, இன்று இவற்றை ஓட்டுவோர் பழைய வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டுவோரே. அவர்கள் முதலில் மாற்ற விரும்பும் உறுப்பு புகைக்குழாய். அதற்கென்றே டூமி, எஃப்.எம்.எஃப்., சி.பி.ஐ. முதலிய பல பெயர்களில் குழாய்கள் விற்கின்றன.

குழாய் செய்யும் வேலை

இருவீச்சு எஞ்சினின் சிலிண்டர்ச் சுவரில் வாயில்கள் உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது முதலில் புகைவாயில் திறக்கிறது. எரிந்த வாயு வெளியே பாய்கிறது. அடுத்து ஊட்டுவாயில்கள் திறக்கின்றன. பெட்ரோலும் காற்றும் கலந்த புதுக் கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது ஊட்டுவாயில்கள் முதலில் மூடுகின்றன. புகைவாயில் கடைசியில்தான் மூடுகிறது. இந்த இடைவேளையில் புதுக் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்.

இந்த இழப்பைத் தடுக்கவே நடுவில் வயிறு பெருத்த குழாய் வந்தது. எஞ்சினிலிருந்து புறப்படும் குழாய் சிறிது தூரம் சென்றதும் கூம்புபோல் விரிகிறது. பின் பருத்த வயிறு. பின் மீண்டும் கூம்பாக ஒடுங்கி, மெலிந்த வால்குழலாய் முடிகிறது. புகைவாயில் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. விரியும் கூம்பை அடைந்ததும் அதிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து, சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுக்கிறது. ஒடுங்கும் கூம்பில் மோதி எழும் அலையோ தள்ளும் அலை. அது திரும்பி வந்து, வெளியேறிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உடனே வாயில் மூடுகிறது. கொல்லைக் கதவு வழியே ஓடப் பார்த்த கன்றை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது போன்றது இது.

இந்த முறையைப் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தியவர் வால்ட்டர் காடன் (1919–1996). கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலார். 1961-இல் அவருடைய 125 கன சென்டிமீட்டர் எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அதாவது லிட்டருக்கு 200 குதிரைத்திறன். அதே ஆண்டில் எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார்; 1962-இல் அந்நிறுவனத்தின் 50 சி.சி. வண்டியில் உலகப் பட்டமும் வென்றார். காடனின் கலை ஜப்பானை அடைந்த வழி இதுவே.

ஒரு சிறு கணக்கு

அலை திரும்பும் நேரமும் வாயில் மூடும் நேரமும் ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்திற்கு 9,000 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 150 சுற்று. ஒரு சுற்றின் 360 பாகையில் 190 பாகை புகைவாயில் திறந்திருந்தால், திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 3.5 மில்லி விநாடி. சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 520 மீட்டர் ஓடும். அந்நேரத்தில் அது ஓடும் தூரம் ஏறத்தாழ 1.83 மீட்டர். போய்த் திரும்ப வேண்டுமாதலால், ஒடுங்கும் கூம்பு இருக்கவேண்டிய தொலைவு இதில் பாதி: சுமார் 91½ சென்டிமீட்டர்.

அதே எஞ்சின் 7,000 சுற்றில் சிறப்பாக இழுக்கவேண்டும் என்றால்? கணக்கைத் திரும்பப் போட்டால் சுமார் 117½ சென்டிமீட்டர் வருகிறது. இதிலிருந்து பெறப்படுவது யாது? குட்டைக் குழாய் உயர்ந்த சுழற்சிக்கு. நெட்டைக் குழாய் தாழ்ந்த சுழற்சிக்கு. எல்லாச் சுழற்சிக்கும் ஒருங்கே பொருந்தும் குழாய் இல்லை. கூம்புகளைச் சாய்வு குறைத்து நீளமாக அமைத்தால் பயன் பரந்த எல்லையில் கிடைக்கும். ஆனால் உச்சம் சற்றுத் தாழும். செங்குத்தாகச் சரித்தால் உச்சம் உயரும், எல்லை குறுகும்.

தேர்வு

ஆகவே, 'எந்தக் குழாய் சிறந்தது?' என்று கேட்பது பொருந்தாது. 'நான் எங்கே ஓட்டுகிறேன்?' என்பதே முதல் வினா.

மரங்களிடையே வளைந்து செல்லும் பாதையில் ஓட்டுகிறவருக்குத் தாழ்ந்த, நடுத்தரச் சுழற்சியில் இழுக்கும் குழாய் வேண்டும். வளைவிலிருந்து வெளிவரும்போது இழுவை திடுமென்று வெடித்துக் கிளம்பினால் பின் சக்கரங்கள் சறுக்கும். ஓட்டுகிறவர் மரத்தில் மோதவும் நேரும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் போன்ற பெரிய மணல்மேடுகளில் ஏறுகிறவருக்கோ உயர்ந்த சுழற்சியில் தளராமல் இழுக்கும் குழாய் ஏற்றது. நேர்கோட்டில் பந்தயம் விடுகிறவர் உச்சத்தை மட்டும் கருதலாம். அவர் குழாயைக் காட்டுப் பாதைக்குக் கொண்டுவந்தால் வண்டி தாழ்ந்த சுழற்சியில் சோம்பி நிற்கும்.

இரண்டாவது வினா, எஞ்சின் எந்நிலையில் உள்ளது என்பது. வாயில்களின் உயரம் தொழிற்சாலையில் அமைத்தபடியே இருக்க, பந்தயக் குழாயை மட்டும் பூட்டினால் அலையின் நேரம் பொருந்தாது. பழைய வண்டியாயின், முன்பு வைத்திருந்தவர் சிலிண்டரை அறுத்து மாற்றியிருக்கிறாரா என்று பார்த்தறிதல் வேண்டும்.

மூன்றாவது, பொருளும் வேலைப்பாடும். தகடு மெல்லியதாயின் கல் பட்டு நசுங்கும்; பெரிய நசுங்கல் கூம்பின் வடிவைக் கெடுத்து அலையையும் கெடுக்கும். நிக்கல் பூச்சில்லாத எஃகு விரைவில் துருவேறும். எண்ணெய் தடவிக் காக்கவேண்டும். சிலிண்டரோடு குழாய் சேருமிடம் கசியாமல் இருக்கவேண்டும்.

மறந்தால் எஞ்சின் போகும்

குழாய் வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. புதுக் குழாயால் எஞ்சின் மிகுதியாகக் காற்றை இழுக்கும். கார்புரேட்டரிலுள்ள பழைய ஜெட் அதற்கேற்ற பெட்ரோலைத் தராது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் மிகும். மசகெண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றும் வண்டியாயின், பெட்ரோல் குறைய எண்ணெயும் குறையும். முடிவில் பிஸ்டன் உருகித் துளைபடும். அல்லது சிலிண்டரைப் பற்றிக்கொண்டு 'சீஸ்' ஆகிவிடும். வேகமாக ஓடும் வண்டியில் பின் சக்கரங்கள் திடீரென்று பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஆதலால், முதலில் வேண்டியதைவிடப் பெரிய ஜெட்டைப் பூட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே அறிவுடைமை. வெளுத்த பிளக் எச்சரிக்கை. பழுப்பு நிறம் நலம். குளிர்காலக் காற்று அடர்ந்தது. கோடையில் பொருந்திய ஜெட் குளிர்காலத்தில் போதாது.

ஓசை வலிமையன்று

வால்குழல் குறுகியிருப்பதைக் குறையென்று எண்ணி அதை வெட்டுகிறவர்கள் உண்டு. குழாயினுள் வேண்டிய அழுத்தத்தைத் தேக்கிவைப்பதே அவ்வால்குழல்தான். சைலன்ஸரினுள் உள்ள கண்ணாடி இழைப் பஞ்சு எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும், அவ்வப்போது மாற்றவேண்டும். கலிபோர்னியச் சட்டம் 1986 முதல் செய்யப்பட்ட இத்தகைய வண்டிகளுக்கு 96 டெசிபெல்லை ஓசை வரம்பாக வைத்துள்ளது. அங்குள்ள தேசியக் காடுகளில் தீப்பொறித் தடுப்பி இல்லாமல் ஓட்டலாகாது. உலர்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும். அக்கம்பக்கத்தார் முறையீட்டால் ஓட்டும் நிலங்கள் மூடப்படுவதும் உண்டு. ஒருவருடைய இரைச்சலுக்கு விலை கொடுப்பவர் பலர்.

நம் வளாகத்திலும் பழைய ஆர்.எக்ஸ். 100 வண்டியைப் போற்றி வைத்திருப்போர் இருக்கலாம். அதன் சைலன்ஸரின் உட்குழலைப் பிடுங்கி எறிந்து, எழும் முழக்கத்தை வேகமென்று எண்ணி மகிழ்வது நம் ஊர் வழக்கம். சாலையில் அது சட்டத்துக்கும் புறம்பு. அந்த நண்பர்கள் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும்: குழாய் வலிமையைப் படைப்பதில்லை, எந்தச் சுழற்சியில் எவ்வளவு கிடைக்கவேண்டும் என்று பங்கிடுகிறது. எங்கே வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் ஓட்டுகிறவர். அதைத் தீர்மானித்தபின் கணக்குப் போட்டு, ஜெட்டைச் சரிபார்த்து, அதன்பின் பணத்தை எடுங்கள். காதைக் கேட்டுக் குழாய் வாங்காதீர்கள்; கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.