எல்லைநிலமும் சிறுவர் நூல்களும்

நுழையும்முன்

போர்கள் நாட்டின் எல்லையை மாற்றிவிடுகின்றன. எல்லையில் வாழ்வோர் தம் மரபைப் பிள்ளைகளிடம் எவ்வாறு ஒப்படைக்கின்றனர்? அல்சாஸ் நிலத்துச் சிறுவர் நூல்கள் இதற்குச் சான்றாகின்றன.

நிலமும் மொழியும்

ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட நிலம் அல்சாஸ். 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனிக்குச் சென்ற இந்நிலம், 1945க்குள் நான்கு முறை கைமாறியது. ஆட்சி மாறியபோதெல்லாம் பள்ளியின் மொழியும் பாடநூலின் வரலாறும் மாறின. வீட்டில் மட்டும் அல்சாசியப் பேச்சு நிலைத்தது. அது ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது.

ஹான்சியின் நூல்கள்

கொல்மார் நகரில் 1873இல் பிறந்த ஓவியர் ஜான் ஜாக் வால்ட்ஸ், 'ஹான்சி' என்னும் புனைபெயரில் எழுதினார். சிறுவர்க்கான அல்சாஸ் வரலாற்றை 1912இலும், 'என் சிற்றூர்' என்னும் பொருள்படும் நூலை 1913இலும் வெளியிட்டார். மரச்சட்ட வீடுகள், கூரைமேல் நாரைக்கூடுகள், பெண்கள் தலையில் அணியும் பெரிய கறுப்பு நாடா முடிச்சு ஆகியவை அவற்றின் பக்கங்களை நிறைத்தன. பள்ளிப் பாடம் சொல்லாத ஊர்மரபைக் குழந்தை படத்தில் கண்டு, தன் தெருவோடு பொருத்திப் பார்த்தது. ஆட்சியாளர் இதனைச் சிறுவர் விளையாட்டாகக் கருதவில்லை. 1914இல் லைப்சிக் நீதிமன்றம் ஹான்சிக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார்.

மறுபக்கம்

இந்நூல்களுக்குக் குறைகளும் உண்டு. அவை பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. குழந்தைகள் பலரின் வீட்டுமொழியோ அல்சாசியம். ஜெர்மானியரை அவை நகைப்புக்குரியவராகத் தீட்டின. அல்சாசில் பிறந்து வளர்ந்த ஜெர்மானியக் குடும்பத்துக் குழந்தைக்கும் அந்த நாரை சொந்தம்தான். ஆனால், அக்குழந்தைக்கு அந்நூலில் இடமில்லை. 1918க்குப் பின் பள்ளிகளில் பிரெஞ்சு பயிற்றுமொழியாயிற்று. அப்போதும் வீட்டுமொழி வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றது.

எனவே, எல்லைநிலச் சிறுவர் நூலுக்குக் கடமைகள் இரண்டு. தன் ஊரின் வீடு, பறவை, உடை, விழா, பேச்சு ஆகியவற்றைக் குழந்தைக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது ஒன்று. அண்டை வீட்டாரைப் பகைவராக்காமல் அதைச் செய்வது மற்றொன்று. முதற்கடமையில் ஹான்சி வென்றார். இரண்டாவதை அவர் காலத்துப் பகைமை மறைத்துவிட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் மரபைக் கூறும் பத்துப் பக்கப் படநூலைக் குழுவாக உருவாக்குக. அதில் ஒரு பக்கத்தை வேற்றுமொழி பேசும் அண்டை வீட்டாருக்கு ஒதுக்குக.
2. ஒரு சிறுவர் நூலை ஓர் அரசு அஞ்சியது ஏன்? வகுப்பறையில் கலந்துரையாடுக.