மணிக்கூட்டுக் கம்பிகளும் கோணங்களும்

மணிக்கூட்டின் இரு கம்பிகளும் ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கும்? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தே, "மணித்தியாலத்துக்கு இருமுறை, ஆகவே 48 முறை" என விடையிறுப்பார் பலர். கணிதத்திற் சிறந்த மாணவரும் இதில் இடறுவதுண்டு. விடை 48 அன்று, 44 ஆகும். எஞ்சிய நான்கும் எங்கே போயின என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிற் கம்பிகளின் வேகத்தை நோக்குவோம். நிமிடக்கம்பி 60 நிமிடத்தில் 360 பாகை சுழல்கின்றது. அஃதாவது நிமிடத்துக்கு 6 பாகை. மணிக்கம்பியோ அதே வட்டத்தைச் சுற்ற 12 மணித்தியாலம் எடுக்கும். எனவே அது மணித்தியாலத்துக்கு 30 பாகையும், நிமிடத்துக்கு அரைப் பாகையும் நகரும். இந்த அரைப் பாகையை மறந்துவிடுவதாலேயே பிழை நேர்கின்றது.

மூன்றரை மணியை எடுத்துக்கொள்வோம். (பாடசாலை விடும் நேரத்தை எதிர்பார்த்துச் சுவர் மணிக்கூட்டையே நோக்கியிருந்த பழைய மாணவர் அக்கோலத்தை மறந்திரார்.) நிமிடக்கம்பி 6இல் நிற்கின்றது. மணிக்கம்பி 3இல் நிற்பதாக எண்ணி, இடைக்கோணம் 90 பாகை என்று எழுதுவோர் உளர். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துள் மணிக்கம்பி 15 பாகை முன்னேறிவிட்டது. 12இலிருந்து அளந்தால் அது 105 பாகையிலும் நிமிடக்கம்பி 180 பாகையிலும் உள்ளன. ஆகவே கோணம் 75 பாகையே.

அவ்வாறாயின் செங்கோணம் எப்பொழுது அமையும்? நிமிடக்கம்பி மற்றையதை நிமிடத்துக்கு 5½ பாகை முந்துகின்றது. மூன்று மணிக்கு அது 90 பாகை பின்னே நிற்பதால், 90 பாகை முன்னே செல்வதற்கு 180 பாகை முந்தவேண்டும். 180ஐ 5½ஆல் வகுக்க 32 8/11 வரும். எனவே 3 மணி 32 8/11 நிமிடத்திற் செங்கோணம் அமையும்.

இனி, தொலைந்தவற்றைத் தேடுவோம். இரண்டு மணிக்கு நிமிடக்கம்பி 60 பாகை பின்னே உள்ளது. அது 150 பாகை முந்தியதும், அஃதாவது 27 3/11 நிமிடத்தில், முதற் செங்கோணம் உண்டாகும். அடுத்ததற்கு மேலும் 32 8/11 நிமிடம் வேண்டும். இரண்டையுங் கூட்டிப் பாருங்கள்: சரியாக 60 நிமிடம்! இரண்டாம் மணித்தியாலத்தின் இரண்டாவது செங்கோணமும், மூன்றாம் மணித்தியாலத்தின் முதலாவது செங்கோணமும் மூன்று மணியாகிய அவ்வொரு கணமே. அதனை இருமுறை எண்ணிவிட்டோம். ஒன்பது மணியிலும் இதுவே நிகழும். 12 மணித்தியாலத்தில் இரண்டு குறைய 22. ஒரு நாளில் 44.

இன்னும் ஐயுறுவோர் வேறு வழியாகவும் காணலாம். ஒரு செங்கோணத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் எப்பொழுதும் 32 8/11, அதாவது 360/11 நிமிடம். 720 நிமிடத்தை இதனால் வகுத்தால் 22 கிடைக்கும்.

கம்பிகள் ஒன்றன்மேலொன்று பொருந்துதல் நாளொன்றுக்கு 24 அன்று, 22 முறை. நேரெதிராக நிற்றலும் அவ்வாறே 22 முறை. முன்னதில் இருமுறை எண்ணப்படுவது 12 மணி. பின்னதில் எது என்பதை இளைய மாணவர், இலக்கம் மட்டும் காட்டும் மணிக்கூட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, கம்பியுள்ள பழைய மணிக்கூட்டைத் திருப்பிக் கண்டுகொள்வார்களாக.