வசதி வேறு, பயிற்சித் திட்டம் வேறு

பல்கலைக்கழக விளையாட்டைப் பற்றிப் பேசுமுன் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. விளையாட்டு வசதி என்பது ஓடுதளம், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எனப் பணம் கொடுத்துக் கட்டக்கூடியவற்றைக் குறிக்கும். பயிற்சித் திட்டம் என்பது ஒரு மாணவர் எந்நாளில் எவ்வளவு ஓட வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும், வலித்தால் யாரிடம் போக வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வகுத்து, அதைக் கவனிக்க ஓர் ஆளையும் வைத்திருப்பதாகும். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயிலிருந்து புறப்படும் மாணவர் முதலாவதைக் கண்டதும் இரண்டாவதும் அங்கே இருக்கும் என்று நம்பிவிடுகிறார். இக்கட்டுரையாளரும் அவ்வாறு நம்பி ஒரு முழுப் பருவத்தை இழந்தவரே.

பாகான் செராய் அமைந்துள்ள கிரியான் வட்டாரம் நெல்வயலும் வாய்க்காலும் செம்பனையுமாக விரிந்து கிடக்கும் சமநிலம். இங்குள்ள சிறு பள்ளிகளின் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு அமைக்கும் ஓட்டப் பாதை பெரும்பாலும் 200 மீட்டருக்கு மேல் போகாது; 400 மீட்டர் ஓட இரண்டு சுற்று வர வேண்டும், வளைவுகளும் குறுகலாக இருக்கும். முறையான அரங்கிலோ ஒரு சுற்றே 400 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒவ்வொரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஈரப் புல்லில் பழகிய காலணியின் நீண்ட ஆணிகளையும் அங்கே கழற்றியாக வேண்டும். செயற்கைத் தளத்தில் ஓட்டப் பந்தயங்களுக்கு ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உலக விதி, சில அரங்குகள் அதைவிடக் குட்டையானவற்றையே அனுமதிக்கின்றன. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, விடுதிப் பதிவு ஆகியவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் கல்விக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்படுவதால், மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைப் படிவம் ஒன்றிலிருந்தே கோப்பில் சேர்த்து வைத்தால் போதும்.

விலை மிகுந்த பிழை பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் நேர்ந்தது. செயற்கை ஓடுதளம் என்பது தார்த்தளத்தின்மீது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் தடிமனுக்கு இடப்படும் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் படலம். அது பாதத்தை வேகமாக மேலே தள்ளுவதால் ஓட்டம் இலகுவாகத் தோன்றும், ஆனால் புல்லும் மண்ணும் வாங்கிக்கொண்ட அதிர்ச்சியில் ஒரு பங்கை இப்போது கால் எலும்பே தாங்க நேரிடும். தொலைவிலிருந்த ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இக்கட்டுரையாளர், அந்தச் செந்நிறத் தளத்தைக் கண்ட மகிழ்ச்சியில் முதல் வாரத்திலிருந்தே ஆறு நாளும் அதில் ஓடினார். மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் முழுவதும் ஒரு வலி படர்ந்தது. ஐந்தாம் வாரத்தில் அது சுருங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளவைக்கும் ஒரே புள்ளியாகிவிட்டது. படரும் வலி தசையும் எலும்புறையும் சோர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஒரே புள்ளியில் நிற்கும் வலியோ எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. அந்த வேறுபாட்டைச் சொல்லித் தர ஆளில்லை. இயன்முறை மருத்துவ அறை ஓடுதளத்திற்கு எதிரிலேயே இருந்தும், அதற்கு முன்பதிவுப் படிவம் ஒன்று உண்டு என்பதே அணித்தேர்வு முடிந்த பிறகுதான் தெரிய வந்தது.

மூன்று விளையாட்டுகளுக்குப் பொறுப்பேற்று வாரம் இருமுறை மட்டும் வந்துபோன பயிற்றுநர், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை போதாது என்று தீர்ப்புச் சொன்னார். வாரக்கணக்கில் வலியை விழுங்கியவரிடம் இருந்தது பொறுமைக் குறைவன்று, மிகையான பொறுமையே என்பதை இங்கு பதிவு செய்வது தகும். அணியிலிருந்து விலகி, புல் திடலுக்குத் திரும்பியதைத் தோல்வியென்று சிலர் இன்றும் சொல்வதுண்டு. கால் குணமானது அங்கேதான்.

வரலாறும் புல்லுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது. பேராக்கின் கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன், செயற்கை ஓடுதளம் இந்நாட்டை எட்டாத காலத்தில், மருத்துவப் படிப்பின் நடுவே பயின்று, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முதலாகச் செயற்கைத் தளம் இடப்பட்ட 1968 மெக்சிகோ போட்டியில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணியும் அதே 1966இல் 400 மீட்டரில் தங்கம் பெற்றார். மறுபுறம், ஈப்போவின் ஷெரின் சாம்சன் வல்லபாய் அமெரிக்காவின் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்று 2023 தென்கிழக்காசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றது, படிப்போடு இணைந்த முறையான திட்டம் என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே, இனிச் செல்வோர் முதல் மாதத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் செயற்கைத் தளத்தில் ஓடி, மற்ற நாள்களில் வளாகத்தின் புல்வெளியைத் தேடிக்கொள்ள வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வலி ஒரு புள்ளியில் நின்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்றுநர் வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். செந்நிறத் தளத்தில் கால் வைக்குமுன், காயம் பார்க்கும் அறையின் கதவு எங்கே, அது எப்போது திறக்கும் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.