சோசிசோன் தேடும் லண்டன் வாசகிக்கு

கேள்வி: 12 வருடம் பாரீசில் இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிவந்திருக்கிறோம். சோசிசோன் (பிரெஞ்சு உலர் சாசேஜ்), பயோன் ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை) இல்லாமல் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். அங்கிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். கோமாரி நோய் அச்சத்தால் 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையோ சீஸையோ பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை விதித்தார்கள். பிரிக்காத பாக்கெட் என்றாலும் பறிமுதல்தான். ஆசையாக வாங்கியது குப்பைக்குப் போவதைப் பார்ப்பது கொடுமை.

ஆனால் முறைப்படி இறக்குமதி செய்து விற்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளி இருக்கும் சவுத் கென்சிங்டன் பக்கம் முதலில் போங்கள். அடுத்தது பரோ மார்க்கெட். பயோன் ஹாமை முழுத் தொடையாக வைத்து அறுத்துத் தரும் கடை கிடைத்தால் தோலைப் பாருங்கள். பாஸ்க் சிலுவையும் ‘பயோன்’ என்ற பெயரும் சூடு போட்டிருக்கும். குறைந்தது 7 மாதமாவது பதப்பட்ட ஹாம் அது.

சோசிசோன் நம் உப்புக்கண்டத்தின் உறவுக்காரன், காற்றுப்பட வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே மாவு பூசியதுபோல் இருக்கும் வெள்ளைப் பூஞ்சணம் கெட்டதல்ல, அதன் மணமே அதில்தான். பச்சையோ கறுப்போ படர்ந்தால், பிசுபிசுத்தால், தயங்காமல் எறிந்துவிடுங்கள்.