குடலிறக்கமும் பரம்பரைக் கூறும்

தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களில் சிலர், அடிவயிறும் தொடையும் சேருமிடத்தில் ஒரு வீக்கம் கண்டால் அதனை எவரிடமும் கூறாமல் மறைத்துவிடுகின்றனர். நின்றால் புடைத்தும் படுத்தால் மறைந்தும் போகும் இவ்வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கமே. மருத்துவர் இதனை ஹெர்னியா என்பர். இது வெட்கத்திற்குரிய நோயன்று. இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்கின்படி, ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 27 பேரும், பெண்களில் 3 பேரும் தம் வாழ்நாளில் இதற்காக அறுவைச் சிகிச்சை பெற நேரிடுகிறது.

பாரம் தூக்குவது ஒன்றே இதற்குக் காரணம் என்பது முழு உண்மையாகாது. வயிற்றுச் சுவருக்கு உறுதி அளிப்பது கொலாஜன் என்னும் புரதம். குடலிறக்கம் உடையோர் பலரிடம் தடித்த முதல் வகைக் கொலாஜன் குறைந்தும், மெல்லிய மூன்றாம் வகை மிகுந்தும் இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இந்நோயுடன் தொடர்புடைய 4 மரபணுப் பகுதிகளை 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுட்டிக் காட்டியது. ஆகையால் தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால், நமக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதி.

எனினும் பரம்பரை என்பது விதியன்று. பாவில் நைந்த இழை இருப்பினும், இழுப்பு மிகும்போதுதான் அது அறுகிறது. வயிற்றுக்குள் ஏற்படும் இழுப்பைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

முதலாவது, பீடி, சிகரெட்டை விடுதல் வேண்டும். புகை திசுக்களை நலிவுறச் செய்வதோடு ஓயாத இருமலையும் தருகிறது. இரண்டாவது, கீரை, காய், பழம், கேழ்வரகு ஆகியவற்றை உண்டு, போதிய நீர் பருகி, மலச்சிக்கலைத் தவிர்த்தல் வேண்டும். மூன்றாவது, உடற்பருமனைக் குறைத்தல் வேண்டும். நான்காவது, 45 கிலோ யூரியா மூட்டையைத் தனியொருவராய்த் தூக்கலாகாது. இருவர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, மூச்சை அடக்காமல் தூக்குவதே முறை. முதுமையில் சிறுநீர் கழிக்க முக்க நேர்ந்தால் அதற்கும் மருத்துவரை நாடுதல் நன்று. இவையாவும் நோய் வாராதென உறுதி கூறமாட்டா; ஆயினும் வரும் வாய்ப்பைக் குறைக்க உதவும்.

வந்துவிட்ட குடலிறக்கம் பெரியவர்களுக்குத் தானாக மறையாது. கச்சை கட்டுவதால் குணமாவதுமில்லை. பாலிப்ரோப்பிலீன் இழையால் பின்னிய வலையை வைத்துச் சுவரை வலுப்படுத்தும் சிகிச்சை இன்று பரவலாக வழங்குகிறது. வீக்கம் உள்ளே செல்லாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் தோன்றினால், குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டிருக்கலாம். அதனை அழுத்தித் தள்ள முயலாமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, தமக்கு இந்நோய் இருந்ததைப் பெரியோர் தம் பிள்ளைகளிடம் மறையாது கூறுவாராக. அந்த ஒரு சொல்லே அவர்களை முன்கூட்டி எச்சரிக்கும்.