தொல்லை

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், மனம் சலித்த வேளையில் 'பரேஷான்' என்று சொல்லிவிடுவர். பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த அச்சொல்லுக்குச் 'சிதறிய' என்பது முதற்பொருள். அதற்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல் போதாது.

பரவலாக வழங்குவது 'தொல்லை'. 'தொல்' என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல் முன்பு பழமையைக் குறித்தது. திருக்குறளின் 81ஆம் அதிகாரமாகிய 'பழைமை'யில் வரும் 'தொல்லை'க்குப் பரிமேலழகர் பழைமை என்றே பொருள் கொள்கிறார். அப்பொருள் இன்று செய்யுளோடு நின்றுவிட்டது. கொசுத்தொல்லை, குரங்குத்தொல்லை என்பனவே செய்தித்தாளில் காணப்படுவன. குரங்குத்தொல்லையைத் தில்லிவாசிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டின்போது குரங்குகளை விரட்டப் புதுதில்லியில் லங்கூர் உருவப் பலகைகளே காவல் நின்றன!

ஒன்றையே ஓயாமல் கேட்டு வருத்துவது நச்சரிப்பு. 'நாளை வாருங்கள்' என்று பலமுறை திருப்பியனுப்புவது அலைக்கழிப்பு. வேண்டுமென்றே உடலையோ மனத்தையோ நோகச் செய்வது துன்புறுத்தல்.

இவ்வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பேருந்தில் ஒருவன் நாள்தோறும் பையைப் பறித்து அடிக்கும்போது, 'தொல்லையாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால், பெற்றோர் அதை விளையாட்டென எண்ணக்கூடும். 'என்னைத் துன்புறுத்துகிறான்' என்றால் உடனே விசாரிப்பர். வீட்டில் சொல்ல இயலாத நிலையில் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழைக்கலாம்.

பயிற்சி: பொருத்தமான சொல்லால் நிரப்புக.

1. மிதிவண்டி வாங்கித் தரும்படி தம்பி அப்பாவை ________.
2. ஒரு சான்றிதழுக்காகத் தாத்தாவை மூன்று முறை ________.