பழைய மாளிகையில் சில நாள் ஓய்வு: நுரையீரல் நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

தங்குமிடமும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வரலாறு வடசென்னைக்கு உண்டு. 1782-ஆம் ஆண்டு பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமே, பின்னர் நோயுற்றோருக்கும் இடமளித்து, காலப்போக்கில் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனையாக வளர்ந்தது. இப்பகுதி முதியோர் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைப்பதன் காரணம் இதுவே.

இன்று சத்திரத்தின் இடத்தில் வேறு வகை விடுதிகள் வந்துள்ளன. மலை நகரங்களில் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களும், செட்டிநாட்டில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளும் பயணிகள் தங்கும் இடங்களாக மாறியுள்ளன. பெற்றோருக்கு ஓய்வு தர விரும்பும் பிள்ளைகள் பலர் இவற்றையே தேர்ந்தெடுக்கின்றனர். அந்த விருப்பம் நல்லது. ஆனால் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு இடத்தைத் தேர்ந்தெடுப்பது, மருந்தைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றதே. இதனை எங்களுக்கு உணர்த்திய ஒரு நிகழ்வை முதலில் கூறுகிறோம். அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

ஓர் இரவின் பாடம்

துறைமுகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறார். அவருக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளது. ஓய்வாக அமர்ந்திருக்கும்போது அவருடைய ஆக்சிஜன் அளவு 91 விழுக்காடு. வீட்டிற்குள் நடமாடுவார், கடைக்குச் சென்று வருவார். அவருடைய திருமண நாளையொட்டி, உதகையில் நூறாண்டு கடந்த ஒரு பங்களாவில் மூன்று நாள் தங்குவதற்குப் பிள்ளைகள் ஏற்பாடு செய்தனர்.

அறை மாடியில் இருந்தது. செங்குத்தான மரப்படிகளில் ஏறியபோதே அவர் இருமுறை நிற்க வேண்டியதாயிற்று. டிசம்பர் மாதக் குளிர் என்பதால் இரவில் அறையின் கணப்பில் விறகு மூட்டப்பட்டது. சன்னல்கள் இறுக மூடப்பட்டன. நள்ளிரவுக்குப் பின் அவர் மூச்சுத் திணறலுடன் விழித்தபோது, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 82 காட்டியது. அங்கிருந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் அளிக்கப்பட்டு, இரண்டு நாள்களில் சமவெளிக்கு அழைத்து வரப்பட்டார். உயிர் பிழைத்தார் என்பதே ஆறுதல்.

விடுதியினர் அன்போடுதான் கணப்பை மூட்டினர். பிள்ளைகளும் அன்போடுதான் அழைத்துச் சென்றனர். குறை எங்களிடமும் இருந்தது. புகைப்பழக்கம் பற்றியும் மருந்துகள் பற்றியும் அவரிடம் பலமுறை கேட்டிருந்த நாங்கள், “வெளியூர் செல்லும் எண்ணம் உண்டா?” என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

உயரம் செய்யும் மாற்றம்

“மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது” என்ற நம்பிக்கை பழையது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் குடியிருப்பை உருவாக்கிய பின், சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறுவதற்காக அங்கு அனுப்பப்பட்டனர். வெப்பத்திலிருந்து விடுபட்ட அவர்களுக்கு அது பயன் தந்திருக்கும். ஆனால் அடைபட்ட நுரையீரலின் தேவை வேறு.

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. வானில் பறக்கும் பயணிகள் விமானத்தின் உட்புறமும் ஏறக்குறைய இந்த நிலையிலேயே வைக்கப்படுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்குக் கிடைப்பது ஆறில் ஐந்து பங்கு.

நலமான நுரையீரல் சற்று வேகமாகவும் ஆழமாகவும் மூச்செடுத்து இக்குறையை ஈடுசெய்துவிடும். நோயுற்ற நுரையீரலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. சென்னையிலேயே 91 இருப்பவருக்கு மலையில் அது மேலும் சரியும். உறக்கத்தில் இன்னும் சரியும். குளிர்ந்த காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஓய்வு நிலையில் ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழ் உள்ளவர்கள், எங்கள் ஆலோசனையின்றி மலை நகரங்களுக்குச் செல்ல வேண்டா. 92 முதல் 95 வரை உள்ளவர்கள், குறிப்பாக இதய நோயும் சேர்ந்திருந்தால், முன்னரே எங்களைக் காண்க. நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், கால் வீக்கத்துடன் கூடிய இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், கடந்த ஆறு வாரங்களுக்குள் மூச்சுத் திணறலுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயணத்தை உறுதி செய்ய வேண்டா.

பழைய கட்டிடம் செய்யும் மாற்றம்

பழைய மாளிகையின் அழகே சில வேளைகளில் நோயாளிக்கு இடையூறாகும்.

கணப்பு: விறகுப் புகை மூச்சுக்குழாயை நேரடியாக உறுத்தும். அதைவிடக் கொடியது, மூடிய அறையில் விறகோ கரியோ எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. இதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை தோன்றி, உறக்கத்திலேயே உயிரையும் பறிக்கக்கூடும். இந்த வாயு இரத்தத்தில் கலந்திருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் பொய்யாக நல்ல அளவைக் காட்டும் என்பதையும் நினைவிற்கொள்க. கரித்தட்டை அறைக்குள் வைத்து உறங்குவது நோயாளிக்கு மட்டுமன்று, எவருக்கும் ஆகாது. கம்பளிப் போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும். வீட்டு ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருக்கும் அறையில் எந்த நெருப்பும் கூடாது.

தூசியும் பூஞ்சையும்: நெடுநாள் பூட்டிக்கிடந்த அறை, பழைய கம்பளம், கனத்த திரைச்சீலை, இலவம்பஞ்சு மெத்தை ஆகியவற்றில் தூசிப் பூச்சிகள் பெருகும். ஈரம் ஏறிய சுவரில் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவை இரவிலேயே தொல்லை தரும். வருவதற்கு முந்தைய நாளே அறையைத் திறந்து காற்றோட்டம் விடுமாறும், கம்பளத்தை அகற்றுமாறும் விடுதியாரிடம் கேட்பதில் தவறில்லை.

படியும் வாசற்படியும்: உயர்ந்த வாசற்படிகள், வழவழப்பான தரை, இரவில் இருண்ட நடைகூடம் ஆகியன முதியோர் தடுக்கி விழக் காரணமாகும். தரைத்தள அறை, அறையோடு இணைந்த குளியலறை, இரவு விளக்கு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுக.

கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும்

உதகை நிகழ்வுக்குப் பின், “இனி எங்கும் போக வேண்டாம்” என்று சொல்லிவிடுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் அடுத்த முறை அப்பெரியவரின் மனைவி தனியே எங்களிடம் கூறியது எங்களை நிறுத்தியது.

“ரெண்டு வருஷமா இவர் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் டாக்டர் படுக்கிறேன். சத்தம் கூடினாலும் முழிப்பு வருது, குறைஞ்சாலும் முழிப்பு வருது. அந்த மூணு நாள் சமைக்காம, துவைக்காம, பிள்ளைங்க கூட இருக்கலாம்னு நான்தான் ஆசைப்பட்டேன்.”

பயணம் கணவருக்காக மட்டும் திட்டமிடப்பட்டதன்று. கவனித்துக்கொள்பவர் உறக்கமிழந்து சோர்ந்தால், மருந்து வேளைகள் தவறும். அவர்தம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனிப்பாரற்றுப் போகும். ஆகவே பயணத்தை அடியோடு மறுப்பது முழுமையான மருத்துவ விடை ஆகாது. அந்த நுரையீரல் தாங்கக்கூடிய இடத்தைக் கண்டறிந்து கூறுவதே எங்கள் கடமை என்று உணர்ந்தோம்.

சமவெளியில் உள்ள பழைய வீடுகள்

பழம்பெருமை மலையில் மட்டும் இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் உள்ள காரைக்குடியும், அதன் அருகிலுள்ள கானாடுகாத்தானும் சமவெளி ஊர்கள். எழும்பூரிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் செல்லலாம். அங்குள்ள நகரத்தார் வீடுகள் சிலவற்றில் இன்று பயணிகள் தங்கலாம். திறந்த முற்றங்கள், நேருக்கு நேரான கதவுகள், உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர் ஆகியவை இயல்பான காற்றோட்டம் தருகின்றன. ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் கம்பளத் தூசி இல்லை. ஆனால் ஈரமானால் வழுக்கும். கோடை வெப்பம் கடுமையாதலால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நன்று. செட்டிநாட்டு உணவில் ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றின் உப்பை இதய நோயாளிகள் தவிர்க்க வேண்டும்.

கடற்காற்றை விரும்புவோர்க்குத் தரங்கம்பாடி உண்டு. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், அதன் அருகே கடலை நோக்கி நிற்கும், இன்று விடுதியாக உள்ள பழைய பங்களாவும் அங்குள்ளன. கடல் மட்டத்திலேயே இருப்பதால் காற்றழுத்தக் குறைவு என்ற பேச்சே இல்லை. காரைக்காலிலும் மயிலாடுதுறையிலும் மருத்துவமனைகள் உள்ளன.

அறையைப் பதிவு செய்யுமுன்

1. ஊரின் உயரம் எவ்வளவு? அண்மையில் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனை எது? இரவில் அங்குச் செல்ல வண்டி கிடைக்குமா?

2. தரைத்தள அறை உண்டா? மின்தடை ஏற்பட்டால் ஜெனரேட்டர் உண்டா? நெபுலைசர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் பயன்படுத்துவோர்க்கு இது மிக முக்கியம்.

3. தங்கும் நாள்களைவிட ஐந்து நாள்களுக்கு அதிகமான மருந்தை எடுத்துக்கொள்க. இன்ஹேலர், ஸ்பேசர் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்கவும். உடல் நன்றாக உள்ளது என்று அன்றாட இன்ஹேலரை நிறுத்த வேண்டா.

4. கடைசி மருத்துவச் சுருக்கம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை உடன் வைத்திருக்கவும்.

5. நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில், மணிக்கு ஒருமுறை கணுக்காலை அசைத்து, இயன்றால் எழுந்து நடக்கவும். காலில் இரத்தம் உறைவதை இது தடுக்க உதவும்.

6. சென்று சேரும் நாளில் எதையும் சுற்றிப் பார்க்க வேண்டா. அன்று ஓய்வு மட்டுமே.

பேச இயலாத மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், குழப்பம், நெஞ்சுவலி, வழக்கமான அளவைவிட ஆக்சிஜன் நான்கு புள்ளிகளுக்கு மேல் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழைக்கவும். மலையில் இருந்தால், ஆக்சிஜன் பெற்றபின் விரைவில் கீழிறங்குவதே சிகிச்சையின் பெரும்பகுதி.

அப்பெரியவரும் மனைவியும் அடுத்த ஜனவரியில் காரைக்குடி சென்று, முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறையில் மூன்று இரவு தங்கி வந்தனர். இரவில் பிள்ளைகள் முறைவைத்துத் தந்தையின் அருகில் படுத்தனர். அங்கும் அவர் படிகளில் ஏறவில்லை, நெடுந்தூரம் நடக்கவில்லை. அவருடைய ஆக்சிஜன் அளவு 90-க்கும் 91-க்கும் இடையே இருந்ததை அவர் ஒரு தாளில் எழுதி வந்து காட்டினார். “இவங்க ராத்திரி முழுக்கத் தூங்கினாங்க டாக்டர்” என்று மனைவியைச் சுட்டிக் கூறியதில்தான் அவருக்கு மகிழ்ச்சி அதிகம்.

அன்று முதல் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறோம்: “வெளியூர் செல்லும் எண்ணம் உண்டா?” நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களே கூறுக. பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னர் வந்தால், ஆக்சிஜன் அளவையும் நடைப் பரிசோதனையையும் பார்த்து, செல்லத்தக்க இடத்தைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.